ஐயத்தில் பிறந்த தரிசனம்

பழைய கோவாவின் பொம் ஜேசு பேராலயத்துக்குப் புனித பிரான்சிஸ் சவேரியாரைக் காணச் செல்பவர்களுக்குச் சாதாரண நாட்களில் அவர் கண்ணுக்கு எட்டுவது மிகக் கொஞ்சம். நடுப்பீடத்துக்கு வலப்புறமுள்ள சிற்றாலயத்தில் இத்தாலியப் பளிங்கால் அடுக்கடுக்காக எழுப்பிய உயரமான மேடை, அதன் உச்சியில் கோவாத் தட்டார்கள் செய்த வெள்ளிப் பேழை, பேழைக்குள் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் உடல். தரையில் நிற்பவர் அண்ணாந்து பார்த்தால் வெள்ளி வேலைப்பாடு தெரியும், மங்கலாக ஓர் உருவம் தெரியும், அவ்வளவுதான். ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை மட்டும் அந்த உடலைக் கீழே இறக்கி, சாலைக்கு அப்பாலுள்ள சே கதீட்ரலுக்கு ஊர்வலமாகக் கொண்டுசென்று, சில வாரங்கள் மக்கள் அருகில் வந்து பார்க்க வைக்கிறார்கள். 2024 நவம்பர் 21 தொடங்கி 2025 ஜனவரி 5 வரை நடந்தது 18ஆவது பொதுத் தரிசனம். இந்த வழக்கம் சவேரியார் காலத்திலிருந்து இடையறாமல் வருவது என்றும், பக்திப் பெருக்கால் தானே உண்டானது என்றும் பலர் எண்ணுகிறார்கள். ஆவணங்கள் வேறு கதை சொல்கின்றன. முதல் பொதுத் தரிசனம் 1782இல்தான் நடந்தது. அப்போது சவேரியார் இறந்து 229 ஆண்டுகள் கடந்துவிட்டன. அதை நடத்தியதும் ஒரு வதந்தியை அடக்குவதற்காக. அந்த உடலின் நெடிய வரலாறு முழுவதையும் ஐயமும், ஐயத்துக்குச் சாட்சிகள் முன்னிலையில் சொன்ன பதிலுமாகவே வாசிக்க முடியும் என்பது என் வாதம்.

தொடக்கமே அப்படித்தான் அமைந்தது. 1552 டிசம்பர் 3ஆம் தேதி விடியுமுன், சீனக் கரைக்கு எதிரே உள்ள சாங்சுவான் தீவில், சீனாவுக்குள் நுழைய வழி கிடைக்காமலே 46 வயதில் சவேரியார் இறந்தார். அருகில் இருந்தவர் அந்தோனியோ என்ற சீனக் கிறிஸ்தவர். எலும்புகளை எப்படியாவது இந்தியாவுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதால், சதை சீக்கிரம் கரையட்டும் என்று பெட்டிக்குள் உடலின் கீழும் மேலும் சுண்ணாம்பைக் கொட்டிப் புதைத்தார்கள். 1553 பிப்ரவரியில் கப்பல் புறப்படும் வேளையில் தோண்டிப் பார்த்தபோது சதை கரைந்திருக்கவில்லை. மார்ச் மாதம் மலாக்காவில் இறக்கி, குன்றின் மேலிருந்த மாதா கோவிலில் பெட்டியில்லாமல் வெறும் மண்ணில் அடக்கம் செய்தார்கள். ஆகஸ்டில் மறுபடி தோண்டினார்கள். அப்போதும் உடல் உருக்குலையவில்லை. 1554 மார்ச் நடுவில் அது கோவா வந்து சேர்ந்தது. வைசிராய் அஃபோன்சோ டி நொரோன்யா முதல் ஊர்மக்கள் வரை கரையில் திரண்டார்கள். கொண்டாட்டத்தோடு காரியம் முடிந்துவிடவில்லை. போர்ச்சுகல் அரசர் மூன்றாம் ஜான் 1556இல் முறையான விசாரணைக்கு ஆணையிட்டார். சவேரியாரை அறிந்தவர்களையும் உடலைப் பார்த்தவர்களையும் கோவா, கொச்சி, வசை, மலாக்கா ஆகிய இடங்களில் ஆணையிட வைத்து வாக்குமூலம் வாங்கினார்கள். வைசிராயின் மருத்துவர் கோஸ்மே சரைவா, உடலைத் தாம் கையால் தொட்டுச் சோதித்ததாகவும், உள்ளுறுப்புகள் உள்ளேயே இருந்ததாகவும், பதப்படுத்திய அடையாளம் ஏதும் இல்லை என்றும் சாட்சியம் அளித்தார். பக்தி மட்டும் போதும் என்று நினைத்திருந்தால் மருத்துவரை அழைத்திருக்க வேண்டியதில்லை. பதப்படுத்தியிருப்பார்களோ என்ற கேள்வி அன்றே எழுந்திருக்கிறது. அதற்குப் பதில் சொல்லத்தான் அவரை உட்கார வைத்தார்கள்.

இங்கே இன்றைய வாசகர் ஒரு மறுப்பை எழுப்பலாம், எழுப்பவும் வேண்டும். சுண்ணாம்பு உடலை அழிக்கும் என்று 16ஆம் நூற்றாண்டு மாலுமிகள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையே தவறு. பன்றி உடல்களைச் சுண்ணாம்போடு புதைத்துப் பார்த்த அண்மைக்காலத் தடயவியல் சோதனைகள், சுண்ணாம்பு சிதைவைத் தள்ளிப்போடுகிறது என்றே காட்டின. ஈரத்தை உறிஞ்சும், நுண்ணுயிர்களைத் தடுக்கும், உடலைச் சுற்றிக் கெட்டியாகப் படியும். அப்படியானால் அழிப்பதற்கென்று போட்ட பொருளே காத்திருக்கலாம். இதை நான் வலுவான மறுப்பாகவே கருதுகிறேன். மலாக்காவின் ஈர மண்ணில் வெறுமனே கிடந்த மாதங்களை அது முழுதாக விளக்கிவிடாது என்று நம்பிக்கையுள்ளவர் சொல்வார். முன்பே உலர்ந்துபோன உடல் மண்ணிலும் சில மாதம் தாங்கும் என்று மற்றவர் சொல்வார். இந்த வழக்கு தீர்ப்பில்லாமல் நின்றாலும் வரலாற்றாசிரியருக்குக் குறையில்லை. உடல் அழியாதது என்பதைத் திருச்சபையே இன்று முன்னிறுத்துவதில்லை. கோவா உயர்மறைமாவட்டம் அதைத் திருப்பண்டம் என்றே அழைக்கிறது. இன்று பேழைக்குள் இருப்பது உலர்ந்து, சுருங்கி, கறுத்துப்போன உடல். அதை மறைக்க எவரும் முயல்வதில்லை. நமக்கு இங்கே முக்கியமானது மற்றொன்று: 1553 முதல் இந்த உடல் எங்கே இருந்தது, யார் பொறுப்பில் இருந்தது, யார் திறந்து பார்த்தார் என்பதற்கு எழுத்துச் சாட்சி இருக்கிறது. ஐரோப்பாவில் வழிபடப்பட்ட எத்தனையோ திருப்பண்டங்களுக்கு அந்த வசதி கிடையாது.

சாட்சிகள் பெருகப் பெருக உடல் குறைந்துகொண்டே வந்தது. 1614இல், சவேரியார் சேர்ந்திருந்த இயேசு சபையின் தலைவர் அகுவாவிவாவின் ஆணைப்படி வலது முன்கையை வெட்டி ரோமுக்கு அனுப்பினார்கள். அது இன்றும் அங்கே ஜேசு ஆலயத்தில் இருக்கிறது. வலது கையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. ஞானஸ்நானம் கொடுத்த கை அது. முத்துக்குளித்துறையில் ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துத் தம் கை சோர்ந்துபோகிறது என்று சவேரியாரே 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதியிருக்கிறார். தமிழ்க் கரையில் சோர்ந்த கைதான் ரோமில் இருக்கிறது. மேற்கையின் எலும்பில் ஒரு துண்டு ஜப்பானுக்கென்று புறப்பட்டு, அங்கே கிறிஸ்தவர்களைக் கொன்று வந்ததால் மக்காவோவிலேயே தங்கிவிட்டது. கோவாவுக்கு உடல் வந்த புதிதில், பாதத்தை முத்தமிட வந்த ஒரு போர்த்துகீசியப் பெண் கால்விரலைக் கடித்து எடுத்துக்கொண்டார் என்ற கதையும் நெடுநாளாக வழங்கிவருகிறது. வெட்டுவது நமக்கு இன்று அருவருப்பாகத் தோன்றலாம். அன்றைய சிந்தனையில் அது பங்கிடுதல்: புனிதர் எங்கெல்லாம் உழைத்தாரோ, எங்கெல்லாம் உழைக்க விரும்பினாரோ அங்கெல்லாம் அவரில் ஒரு பகுதி இருக்க வேண்டும் என்ற விருப்பம். ஆனால் பங்கிட்ட ஒவ்வொரு முறையும், மிச்சம் கோவாவில் உண்மையில் இருக்கிறதா என்ற கேள்விக்கு வித்தும் விழுந்தது.

1622 மார்ச் 12 அன்று, லொயோலா இஞ்ஞாசியாரோடும் அவிலா தெரேசாவோடும் சேர்த்துச் சவேரியாருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. இரண்டாண்டு கழித்து, அதுவரை புனித பவுல் கல்லூரியில் இருந்த உடல் பொம் ஜேசுவுக்கு வந்தது. 1594இல் கட்டத் தொடங்கி 1605இல் பேராயர் அலெய்ஷோ டி மெனேசஸ் அர்ச்சித்த கோவில் அது. சுவர் கோவாவின் செம்புரைக்கல்; முகப்பின் செதுக்கு வேலைக்கு மட்டும் வசையிலிருந்து கருங்கல் கொண்டுவந்தார்கள். உள்ளே ஒரே நீண்ட கூடம், தூண்வரிசைகள் இல்லை, பார்வை தடையில்லாமல் பொற்பூச்சுப் பீடத்தில் போய் நிற்கும். வெள்ளிப் பேழை 1636, 1637ஆம் ஆண்டுகளில் உருவானது. திட்டம் இத்தாலிய இயேசு சபைத் துறவி மார்செல்லோ மாஸ்த்ரில்லியுடையது, கை கோவாத் தட்டார்களுடையது. 32 தகடுகளில் சவேரியாரின் வாழ்க்கைக் காட்சிகள் இருக்கின்றன. மாஸ்த்ரில்லி அந்த 1637இலேயே நாகசாகியில் கொல்லப்பட்டார். பளிங்கு மேடை பிறகு வந்தது. சவேரியாரின் தலைக்கு வைத்திருந்த தலையணை தஸ்கனி ஆட்சியாளர் மூன்றாம் கோசிமோ மெதிச்சிக்குப் போயிற்று. அதற்கு ஈடாக, ஃபிளாரன்ஸ் நகரச் சிற்பி ஃபொஜினி பத்தாண்டு உழைத்துச் செய்த மேடையை அவர் அனுப்பினார். 1698இல் அதைக் கோவாவில் பொருத்தினார்கள். ஒரு தலையணைக்கு இத்தனை பளிங்கா என்று வியக்கலாம். திருப்பண்டத்தைத் தொட்ட துணிக்கு அரச குடும்பங்கள் என்ன மதிப்பு வைத்திருந்தன என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு கிடைக்காது.

இந்தப் பேழையை அரசாங்கமே திறந்த தருணம் 1683இல் நேர்ந்தது. மராத்திய மன்னர் சம்பாஜியின் படை அந்த நவம்பரில் பழைய கோவாவுக்கு எதிரேயிருந்த சாந்த எஸ்தெவாம் தீவைப் பிடித்தது. அதை மீட்கப் போன வைசிராய் அல்வோர் பிரபு தோற்றுத் திரும்பினார். நகருக்குக் காவல் போதவில்லை. அவர் பொம் ஜேசுவுக்குப் போய், பேழையைத் திறக்கச் செய்து, தம் பதவிக்கோலையும் நியமனப் பத்திரத்தையும் சவேரியாரின் உடலருகே வைத்து, ஆட்சியை அவரிடமே ஒப்படைத்தார். ஜனவரியில் ஔரங்கசீபின் மகன் ஷா ஆலமின் முகலாயப் படை நெருங்கியதால் சம்பாஜி பின்வாங்கினார். காரணம் முகலாயர் என்று வரலாறு சொல்கிறது. காத்தவர் சவேரியார் என்று நகரம் சொன்னது. அதற்குப் பின் வந்த ஆளுநர்கள் இந்தக் கல்லறையில் கோலைப் பெற்றுப் பதவியேற்பது வழக்கமானது. கோவா மக்கள் இன்றும் அவரைக் கோயஞ்சோ சாயப், அதாவது கோவாவின் ஆண்டவர் என்கிறார்கள். இந்த நிகழ்ச்சியிலும் அடியில் ஓடுவது ஐயம்தான்: லிஸ்பன் காக்குமா, படை காக்குமா, வைசிராய் காப்பாரா என்று எதிலும் நம்பிக்கையற்ற நகரம், கண்ணால் பார்த்து உறுதி செய்யக்கூடிய ஒன்றின் காலடிக்குப் போயிற்று. பதவிக்கோலை ஒரு சுரூபத்தின் முன்னும் வைத்திருக்கலாமே. வைக்கவில்லை, பேழையைத் திறந்தார்கள்.

எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது 1759. போர்ச்சுகலின் அமைச்சர் பொம்பால், இயேசு சபையை அரசின் பகைவன் என்று அறிவித்து, அதன் துறவிகளை நாட்டிலிருந்தும் குடியேற்றங்களிலிருந்தும் துரத்தினார். கோவாவிலும் அவர்களைப் பிடித்து அடைத்து, பிறகு கப்பலேற்றி லிஸ்பனுக்கு அனுப்பினார்கள். இருநூறு ஆண்டுக்கு மேலாக உடலைக் காத்துவந்தவர்கள் ஒரே நாளில் இல்லாமற் போனார்கள். மக்கள் பார்வைக்குத் திறக்காமல் பேழை ஏற்கெனவே நெடுங்காலம் கிடந்திருந்தது. அந்த மௌனத்துக்குள் வதந்தி புகுந்தது: போகும்போது சபையார் உடலையும் எடுத்துப்போய்விட்டார்கள், பேழைக்குள் வேறு எவரோ கிடக்கிறார், அல்லது ஒன்றுமே இல்லை. வருத்தமும் கோபமும் கலந்த வதந்தி அது. தங்கள் குருமாரை அரசாங்கம் விலங்கிட்டு அனுப்பியதைப் பார்த்த மக்கள், புனிதரும் அவர்களோடே போயிருப்பார் என்று நினைத்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. இதை வெறும் மறுப்பு அறிக்கையால் தீர்க்க முடியாது என்று மேலிருந்தவர்களுக்குப் புரிந்தது. 1782 பிப்ரவரி 10 முதல் 12 வரை மூன்று நாள் பேழையைத் திறந்து, எவர் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று விட்டார்கள். அதுவே முதல் பொதுத் தரிசனம்.

அந்த மூன்று நாளில் மக்கள் எதைச் சரிபார்த்தார்கள்? வந்தவர்களில் பெரும்பாலோர் அதற்குமுன் அந்த உடலைப் பார்த்தவர்கள் அல்லர். இது சவேரியாரின் உடல்தான் என்று அடையாளம் சொல்லும் ஆற்றல் அவர்களுக்குக் கிடையாது. அவர்கள் சரிபார்க்கக் கூடியது ஒன்றுதான்: பேழை காலியாக இல்லை, உள்ளே ஒருவர் இருக்கிறார், அவருக்கு வலக்கை இல்லை. இது அவரேதானா என்பதற்கு 1554 முதல் எழுதி வைத்த சாட்சியங்கள் வேண்டும்; இங்கே இருக்கிறாரா என்பதற்குக் கண் போதும். தரிசனம் இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும் ஏற்பாடு. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல்தான் இரு தரப்பாரும் தடுமாறுகிறார்கள். பார்த்தேன், எனவே அற்புதம் என்கிறார் ஒருவர். பார்த்ததால் என்ன நிரூபணமாயிற்று என்கிறார் மற்றவர். 1782இல் நிரூபிக்க வேண்டியிருந்தது அற்புதத்தை அன்று. தங்களிடமிருந்து அவரை யாரும் எடுத்துப்போகவில்லை என்பதைத்தான். ஓர் அரசாங்கம் தன் குடிகளின் சந்தேகத்துக்கு மூடிய கதவைத் திறந்து பதில் சொன்ன நிகழ்ச்சியாக அதை நான் மதிக்கிறேன். அந்தக் காலத்து அரசாங்கங்கள் அடிக்கடி செய்த காரியம் அன்று அது.

அடுத்த தரிசனம் 1859இல்தான் நடந்தது. அதற்குள் நகரம் செத்துவிட்டது. காய்ச்சலும் காலராவும் திரும்பத் திரும்பத் தாக்கியதால் வைசிராய் 1695இலேயே ஆற்றின் கீழ்ப்பக்கம் பனேலிமுக்குக் குடிபெயர்ந்தார். 1843இல் பஞ்சிம் அதிகாரபூர்வத் தலைநகரானது. 1835இல் எல்லாத் துறவற சபைகளையும் அரசு கலைத்ததும் மடங்கள் ஆளில்லாமல் விழத் தொடங்கின. அகுஸ்தீனியர் கோவிலின் மேற்கூரை 1842இல் இடிந்தது. அதன் கோபுரத்தில் பாதி 1931இல் சரிந்து, மீதி இன்றும் ஒற்றையாக நிற்கிறது. சவேரியாரின் உடல் முதலில் இருந்த புனித பவுல் கல்லூரியில் எஞ்சியது ஒரு முகப்பு வளைவு மட்டுமே. உடல் குடியேறிய பொம் ஜேசு மட்டும் முழுதாக நின்றது. சே கதீட்ரலும் வேறு சில கோவில்களும் நிற்கத்தானே செய்கின்றன என்று கேட்கலாம். உண்மை, அவற்றுக்குப் பேராயரும் பங்கு மக்களும் இருந்தார்கள். ஆனால் துரத்தப்பட்ட சபையின் கோவில், காலியான நகரத்தில், விளக்கு அணையாமல் நின்றதற்கு உள்ளே இருந்த உடலைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. 1859க்குப் பிறகு 1878, 1890, 1900, 1910 என்று தரிசனங்கள் நெருங்கி வந்து, பத்தாண்டு வழக்கமாக உறைந்தன. குடிகள் இல்லாத நகரம் தரிசனத்தின்போது மட்டும் நிரம்பியது. 1952 தரிசனம்வரை மக்கள் பாதத்தை முத்தமிட்டார்கள். இனியும் தொட விட்டால் உடல் தாங்காது என்று கண்டு, 1950களிலேயே அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூடினார்கள். போர்த்துகீசிய ஆட்சி 1961இல் முடிந்த பிறகு, இந்தியக் கோவாவில் 1964இல் தரிசனம் மறுபடி நடந்தது. ஆட்சியோடு பிறந்த வழக்கம் அந்த ஆட்சி போனபின் மேலும் பெருகியது.

இந்த இடத்தில் மிகக் கனமான மறுப்பு வருகிறது. சவேரியார் குடியேற்ற ஆதிக்கத்தின் கருவி. கோவாவில் மதவிசாரணை மன்றம் வேண்டும் என்று 1546இல் அம்போனிலிருந்து அரசருக்கு எழுதியவர். அந்த மன்றம் 1560இல் வந்து, இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக 1812 வரை மக்களை வதைத்தது. அவர் உடலைப் போற்றுவது அந்தக் கொடுமையைப் போற்றுவது ஆகாதா? கடிதம் உண்மையானது. அதை அவர் போர்த்துகீசியக் குடியேறிகளின் ஒழுக்கக்கேட்டை நினைத்து எழுதினார் என்று சில நூல்கள் சாக்குச் சொல்லும். அந்தச் சாக்கு விளைவை மாற்றாது. மன்னாரில் புதுக் கிறிஸ்தவர்களை 1544இல் யாழ்ப்பாண அரசர் சங்கிலி கொன்றபோது, அரசர்மேல் படை அனுப்பும்படி போர்த்துகீசியரைத் தூண்டியவரும் சவேரியார்தான். இவற்றை மறைத்துவிட்டு எழுதும் புனிதர் வரலாறு வரலாறே ஆகாது. இருந்தாலும், வழிபட வருகிறவர்கள் கொண்டாடுவது எந்தச் சவேரியாரை என்பதையும் பார்க்க வேண்டும். ஆள்பவர்கள் கோல் வாங்கினார்கள், அவர்கள் போய்விட்டார்கள். வரிசையில் நிற்கும் மீனவரும் உழவரும் கப்பல் தொழிலாளரும், அவர்களோடு நிற்கும் கோவா இந்துக்களும், கோல் வாங்க வரவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல், மகனுக்கு வளைகுடாவில் வேலை, கடலில் போனவர் திரும்ப வேண்டும் என்பவை அவர்கள் கொண்டுவரும் விண்ணப்பங்கள். ஓர் ஆதிக்கம் தன் காவலனாக நிறுத்திய உடலை, ஆளப்பட்டவர்கள் தங்களுடையதாக எடுத்துக்கொண்டார்கள். இந்த மாற்றத்தை ஏற்றுக்கொள்வதால் மதவிசாரணையின் குற்றம் குறைந்துவிடாது. இரண்டையும் ஒரே புத்தகத்தில் எழுத முடியும், எழுதவும் வேண்டும்.

ஐயத்தின் புதிய வடிவம் மரபணு. பேழையில் இருப்பது 15ஆம் நூற்றாண்டுச் சிங்களப் புலவரும் துறவியுமான தொட்டகமுவே ஸ்ரீ ராகுலர் என்று இலங்கையில் சிலர் நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள். 2024 தரிசனத்துக்குச் சற்று முன்பு மரபணுச் சோதனை வேண்டும் என்று கோவாவிலேயே குரல் எழுந்து, எதிர்ப்பும் மூண்டது. அறிவியல் சோதனை கேட்பதில் என்ன தவறு என்று கேட்பவருக்கு, அதே பழைய கோவாவிலிருந்தே ஒரு பதில் இருக்கிறது. ஜார்ஜிய அரசி கெத்தெவான் 1624இல் ஷிராஸில் கொல்லப்பட்டார். அவருடைய எலும்புகளில் ஒரு பகுதியை அகுஸ்தீனியத் துறவிகள் கோவாவுக்குக் கொண்டுவந்து தங்கள் மடத்தில் வைத்தார்கள். மடம் இடிந்து, எலும்பு எது என்றே தெரியாமற் போயிற்று. தொல்லியல் துறை அகழ்ந்தெடுத்த எலும்பை ஐதராபாத்தின் செல், மூலக்கூறு உயிரியல் மையம் ஆராய்ந்து, அது இந்திய மரபில் காணாத தாய்வழி மரபணு என்று காட்டியது. 2021இல் அந்த எலும்பு ஜார்ஜியாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே சோதனை தேவைப்பட்டது, ஏனென்றால் காவல் அறுந்து, எலும்பு பெயரை இழந்திருந்தது. சவேரியார் விஷயத்தில் எழுத்துச் சாட்சி 1553 முதல் தொடர்கிறது. பலவீனமான கண்ணி என்று சொல்லக்கூடியது 1759க்கும் 1782க்கும் இடைப்பட்ட காலம் மட்டும்தான்; அப்போதும் பேழை கோவிலைவிட்டு நகரவில்லை. ஸ்ரீ ராகுலரின் உடல் எந்தக் கப்பலில், எவர் கையில், எப்போது கோவாவுக்கு வந்தது என்பதற்கோ ஒரு வரிச் சான்றும் இல்லை. ரோமிலுள்ள கையோடு ஒப்பிட்டால் உடலும் கையும் ஒருவருடையதே என்று தெரியக்கூடும். அதை இன்று யாரும் மறுக்கவில்லை. ஆகவே இந்தக் கோரிக்கை உடலைப் பற்றியது என்பதைவிடக் கோவா யாருடையது என்பதைப் பற்றியது என்றே நான் எண்ணுகிறேன். அந்தக் கேள்விக்கு ஆய்வகத்தில் விடை கிடையாது. ஒருநாள் உயர்மறைமாவட்டமே விரும்பிச் சோதித்தாலும் நம்பிக்கையுள்ளவர் அஞ்ச வேண்டியதில்லை. 1556இல் சரைவா செய்ததன் தொடர்ச்சியாகவே அது இருக்கும்.

தரிசனம் ஐயத்தில் பிறந்தது என்ற வாதத்தை உரசிப் பார்க்க நல்ல இடம் தமிழ்க் கரை. தூத்துக்குடி, மணப்பாடு, கோட்டாறு என்று நீளும் இந்தக் கரையில் சவேரியாரின் உடல் இல்லை. ஆனாலும் அவர் பெயர் கோவாவுக்குக் குறையாமல் இங்கே வாழ்கிறது. அவருக்கு முன்பே, 1530களில், பரதவர்கள் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். 1542 அக்டோபரில் வந்தவர், செபங்களைத் தமிழறிந்தவர்களைக் கொண்டு மொழிபெயர்க்கச் செய்து, மனப்பாடம் செய்து, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். 1544இல் திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட முக்குவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாக எழுதினார். அவருக்குப் பின் இங்கே உழைத்த அன்றிக் அடிகளார் 1578இல் தம்பிரான் வணக்கத்தையும் 1586இல் அடியார் வரலாற்றையும் தமிழில் அச்சேற்றினார். மணப்பாட்டில் சவேரியார் தங்கிய குகையைக் காட்டுகிறார்கள்; கோட்டாறு பேராலயத்தில் டிசம்பர் 3இல் முடியும் திருவிழாவுக்குச் சாதி மதம் பாராமல் கூட்டம் வருகிறது. இங்கே எவரும் உடலைத் திறந்து காட்டச் சொன்னதில்லை, காட்ட உடலும் இல்லை. உயிரோடு அவரைக் கண்டவர்களின் சந்ததி இது; அவர் நடந்த மணலே சாட்சி. கோவாவிலோ அவர் வாழ்நாளில் ஒரே மூச்சில் சில மாதங்களுக்கு மேல் தங்கியதில்லை. வந்தார், போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். நிலையாக வந்தது இறந்த பிறகுதான். வாழ்ந்த நினைவு மெலிந்த ஊருக்கு உடல் தேவைப்பட்டது. உடல் இருந்ததால் ஐயமும், ஐயம் இருந்ததால் தரிசனமும் வந்தன. கோவாவிலிருந்து வேளாங்கண்ணிக்கு ரயிலில் வரும் குடும்பங்களும், குமரிக் கரையிலிருந்து பழைய கோவாவுக்குப் போகும் குடும்பங்களும் இந்த இரு மரபையும் கேள்வியில்லாமல் தங்களுக்குள் இணைத்துவிட்டார்கள்.

இன்று ஐயப்படவேண்டியது உடலைப் பற்றி அன்று, அதைச் சுற்றியிருக்கும் கட்டடத்தைப் பற்றி. 1950களின் தொடக்கத்தில், தரிசனத்தை ஒட்டி, போர்த்துகீசியக் கட்டடக் கலைஞர் பல்தாசார் காஸ்ட்ரோ பொம் ஜேசுவின் வெளிச்சுவரிலிருந்த சுண்ணாம்புப் பூச்சை உரித்துவிட்டார். செங்கல் நிறத்தில் கல் வெளியே தெரிந்தால் பழமையாகத் தோன்றும் என்பது நோக்கம். இன்று பயணிகள் படமெடுக்கும் சிவந்த முகம் அப்படி உண்டானது. கட்டியவர்கள் நினைத்த முகம் வெள்ளை. செம்புரைக்கல் துளைகள் நிறைந்தது, மழைநீரைக் குடிப்பது. கோவா மழைக்கு முன் அது பூச்சில்லாமல் நிற்கக்கூடாது என்று அந்த ஊர்க் கொத்தனார் எவரும் சொல்வார். உடலைக் கண்ணாடியால் போர்த்திய அதே பத்தாண்டில் கோவிலின் போர்வையை எடுத்துவிட்டார்கள். சுவர் அரிக்கிறது என்று 2020இல் ஆலய அதிபர் வெளிப்படையாக எச்சரித்தார். கட்டடம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, வழிபாடு மறைமாவட்டத்தின் பொறுப்பில் இருக்கிறது. யுனெஸ்கோ 1986இல் இந்த வளாகத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. எழுபது ஆண்டாகப் பழகிய சிவப்பு முகத்தை மறைக்கக் கூடாது என்போர் இருக்கிறார்கள். பழக்கத்துக்கும் ஒரு மரியாதை உண்டு என்பது சரி. ஆனால் அந்த முகம் கல்லைத் தின்று கொண்டிருக்கிறது. சுண்ணாம்புப் பூச்சைத் திரும்பப் பூச வேண்டும், அடுத்த தரிசனம் வருவதற்குள்.